சத்தம் எவ்வளவு வைப்பான்?

போன வாரம் தீபா போன் செய்தாள். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். காது கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் வேலை. அரசாங்கத் தாளில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஊரில் எங்களுக்கு ‘காது மேடம்’ என்றுதான் பெயர்.

“கலாக்கா, பேசாத புள்ளைங்களா வரிசை கட்டி வருதுக்கா. எல்லாம் போன் கேசு. கதவத் தொறந்து உள்ள வர்றப்பவே தெரியுது. எல்லாத்துக்கும் காதைப் பார்த்துக்கிட்டே இருக்கணுமா? நேரா போனை நிறுத்துங்கன்னு சொல்லி அனுப்பிட்டா என்னக்கா?”

அவள் கேட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நானும் ஏறக்குறைய அதைச் செய்தவள்தான். போனில் பதில் சொன்னால் “சரிக்கா, சரிக்கா” என்று வைத்துவிடுவாள். எழுதிக் கொடுத்தால் கொஞ்சமாவது படிப்பாள். அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை?

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன், காதின் படத்தை நூறு தடவை வரைந்தேன், பாஸ் செய்தேன். முதல் வேலை அரியலூரில். கீழப்பழுவூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அங்கே என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் லாரியிலும் கல் உடைக்கும் கிரஷரிலும் காலம் தள்ளிய பெரியவர்கள். காதில் ஹெட்போனை மாட்டி, “சத்தம் கேட்டா கையத் தூக்குங்க” என்றால், “சாப்ட்டாச்சு” என்பார்கள். அவர்களோடு கத்திக் கத்தி எனக்குக் குரல் பெருத்துவிட்டது. இன்றைக்கும் வீட்டில் நான் சாதாரணமாகப் பேசினால் என் கணவர் சண்டை என்று நினைத்து வெளியே போய்விடுவார்.

பிறகு பெரம்பலூருக்கு மாற்றினார்கள். அங்கேதான் குழந்தைகள் வர ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் பேச்சு வராத குழந்தை என்று மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். கொரோனா முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது அது கூட்டமாகிவிட்டது. இரண்டு வயது, மூன்று வயது. அம்மா சேலையைப் பிடித்திருக்க வேண்டிய கையில் போன்.

வேப்பந்தட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். நிறம் பத்தையும் ஆங்கிலத்தில் சொல்வான், அதுவும் வெள்ளைக்காரன் மாதிரி. அவன் தாத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “கலெக்டர் ஆயிடுவான் மேடம்” என்றார். கலெக்டருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கேட்கத் தெரியவில்லை, குடத்தைக் காட்டி அழுதான். இன்னொரு பெண் குழந்தை. அரியலூரிலிருந்து வந்த சிமெண்ட் லாரி டிரைவரின் மகள். நான் முகத்துக்கு நேராகக் குனிந்து பேசினால், என் தாடைக்கு வலப்பக்கம் விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். மறுபடி பேசினால் மறுபடி தட்டுவாள். எனக்குப் புரியவே இல்லை. அவள் அம்மாதான் கூச்சத்தோடு சொன்னாள்: “போன்ல விளம்பரம் வந்தா, அதத் தள்ளிவிட அந்த எடத்துலதான் அமுக்குவா மேடம்.” முப்பது வருஷ அனுபவத்தை ஒரு விரலால் தள்ளிவிடப் பார்த்திருக்கிறாள்!

எங்கள் பெரிய டாக்டரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். பெயர்தான் பெரிய டாக்டர், ஆள் என் தோள் உயரம். குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. குழந்தை வந்தால் ஃபைலைத் திறக்க மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவார். குழந்தையோடு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பிறகு தாயிடம் கேட்பார், எல்லாருக்கும் ஒரே கேள்வி:

“போன்ல படம் பாக்கறப்ப, சத்தம் எவ்வளவு வைப்பான்?”

எங்கள் எல்லாருக்கும் இது பெரிய வேடிக்கை. பார்க்கிறானா, எத்தனை மணி நேரம் பார்க்கிறான் என்று கேட்டால் நியாயம். சத்தம் எவ்வளவு வைத்தால் இவருக்கு என்ன? முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘சவுண்டு சர்வீஸ்’ என்று பட்டப் பெயர் வைத்தது நான்தான். அதோடு விட்டாரா? நாங்கள் குழந்தைகளுக்கு நிரப்பும் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கட்டம் வரைந்து, ‘சத்தம்?’ என்று எழுதி, அதையே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் அதில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன்.

ஒருநாள் டீ நேரத்தில் அவரிடம் கேட்டேன். “போன்லயும் பேச்சுத்தானே சார் கேக்குது? நாள் பூரா கேட்டும் ஏன் சார் பேச்சு வர மாட்டேங்குது?”

“நம்ம ஊர்ல பிளாட் போட்டு விக்கிறாங்கள்ல கலாம்மா, அத நெனைச்சுக்குங்க” என்றார். “பொறந்த புள்ளை மூளை அந்த மாதிரி. தெருவெல்லாம் கல்லு நட்டு ரெடியா இருக்கும். எந்தத் தெருவுல ஆள் போகவும் வரவும் இருக்கோ, அதுக்குத்தான் ரோடு விழும். போன் போகும், வராது. அது பேசிக்கிட்டே இருக்கும். புள்ள பதில் சொல்லுமான்னு காத்துக்கிட்டு நிக்காது. பேச்சுங்கிறது அந்த நிக்கிற நேரத்துலதான் வளருது.”

“ஆளே போகாத தெரு?”

“முள்ளு மண்டும். இல்லேன்னா பக்கத்து மனைக்காரன் வேலியத் தள்ளிப் போட்டுக்குவான்” என்று சிரித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

அதை நான் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து தாய்மார்களிடம் ஒரே பாட்டு. போனை நிறுத்துங்கள், மிளகாய் காம்பு கிள்ளும்போது பேசுங்கள், குளிப்பாட்டும்போது பேசுங்கள், ஒன்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு குழந்தைக்காகக் காத்திருங்கள். லாரி டிரைவர் மகள் நாலே மாதத்தில் “காத்து மேதம்” என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தாள். வேப்பந்தட்டைக் கலெக்டரும் தண்ணீர் கேட்டார். எனக்குத் தலைக்கனம் ஏறியது. பார்த்த உடனே சொல்லிவிடுவேன் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன்.

அந்தத் தலைக்கனத்தோடு இருந்த நாளில்தான் நஸ்ரின் வந்தாள்.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்திருந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். புருஷன் சவுதியில் ஒரு கடையில் வேலை. பையன் ஆசிப்புக்கு இரண்டு வயது முடிந்திருந்தது, ஒரு வார்த்தை இல்லை. கொரோனா சமயத்தில் பிறந்தவன். பிறந்த உடனே செய்கிற காதுப் பரிசோதனை அந்தக் களேபரத்தில் அவனுக்கு நடக்கவில்லை. கறுகறுவென்று முடி, பெரிய கண். கையில் போன்.

“கூப்புட்டா திரும்புறானாம்மா?”

“சில நேரம் திரும்புறான் மேடம். போன் கையில இருந்தா யாரு கூப்புட்டாலும் திரும்ப மாட்டான்.”

“எந்தப் புள்ளைதான் திரும்புது?” என்றேன்.

பெரிய டாக்டர் அன்று வெளியூர் முகாமுக்குப் போயிருந்தார். சின்னக் குழந்தைகளைச் சோதிக்க எங்களிடம் அப்போது பெரிய மெஷின் எதுவும் கிடையாது. தாய் மடியில் குழந்தையை உட்கார வைத்து, முன்னால் ஒருவர் பொம்மை காட்டிக் கவனத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பின்னால் ஒருவர் நின்று, காது மட்டத்தில், ஒரு கை தூரத்தில் சத்தம் கொடுக்க வேண்டும். கேழ்வரகு போட்ட கிலுகிலுப்பை, டம்ளர் விளிம்பில் உரசும் ஸ்பூன், கசக்குகிற காகிதம், கடைசியாகத் தட்டு மேளம். வலது மூன்று, இடது மூன்று. குழந்தை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும். பின்னால் நிற்பவளுக்கு ஆயிரம் கட்டுப்பாடு. தலையில் பூ கூடாது, வாசத்துக்குத் திரும்பும். வளையல் கூடாது. ஜன்னலுக்கு முன்னால் நிற்கக் கூடாது, நிழல் விழும். மின்விசிறிக் காற்று என்னைத் தாண்டிக் குழந்தை மேல் படக் கூடாது. இருபது வருஷம் மல்லிகை வைக்காமல் வேலைக்குப் போனவள் நான். என் நிழல் எங்கே விழும் என்று எனக்கு அங்குலக் கணக்கில் தெரியும்.

முன்னால் பொம்மை காட்டும் உதவியாளர் அன்றைக்கு லீவு. போனை வாங்கினால் ஆசிப் ஆஸ்பத்திரியே இடிகிற மாதிரி அழுதான். அழுகிற குழந்தையைச் சோதிக்க முடியாது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. போனை அணைத்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, விரலால் தடவிக்கொண்டு, அமைதியாகிவிட்டான். முன்னால் ஆள் இல்லாத குறையும் தீர்ந்தது, அழுகையும் நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வலது பக்கம் கிலுகிலுப்பையை ஆட்டினேன். திரும்பினான். இடது பக்கம் ஆட்டினேன். திரும்பினான். ஆறுக்கு ஆறு. இத்தனை சட்டென்று திரும்பிய குழந்தையை நான் பார்த்ததே இல்லை.

“காது பாம்புக் காதும்மா” என்றேன். “எல்லாம் போன் படுத்துற பாடு. மூணு மாசம் வூட்டுல போனே இருக்கக் கூடாது. அவன் கண்ணால பாக்கக் கூடாது.”

“சவுதிலேருந்து அவங்க அத்தா டெய்லி வீடியோல வருவாருங்க மேடம். புள்ளையப் பொறந்ததுலேருந்து நேர்ல பார்த்ததில்ல. அது மட்டும்...”

“அத்தாவா இருந்தா என்ன, ஆட்டுக்குட்டியா இருந்தா என்ன? போன் போன்தான்.”

நான் சொன்னது அப்படியே இதுதான். நகைச்சுவை என்று நினைத்துச் சொன்னேன். நஸ்ரின் தலையை ஆட்டிவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு போனாள். படிவத்தில் ‘கேட்கிறது’ என்று எழுதினேன். பென்சில் கட்டத்தில் வழக்கம்போல ஒரு கோடு.

மூன்று மாதம் கழித்துச் சொன்ன நாளில் சரியாக வந்து நின்றாள். கையில் போன் இல்லை. குரல் கம்மிப் போயிருந்தது.

“நாள் பூரா பேசுறேன் மேடம். காக்காயக் காட்டிப் பேசுறேன், சோத்தக் காட்டிப் பேசுறேன். சொல்லிட்டு நீங்க சொன்ன மாதிரி காத்துக்கிட்டு இருக்கேன். என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கான். ஒரு வார்த்த வரல.”

அன்று பெரிய டாக்டர் இருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் ஆசிப்புக்கு எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பழைய கேள்வி வந்தது.

“முன்ன போன் பாத்துக்கிட்டு இருந்தான்ல, அப்ப சத்தம் எவ்வளவு வைப்பான்?”

நஸ்ரினுக்கு முதல் தடவையாக முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பையனைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்று கிடைத்துவிட்டதே.

“சத்தமே வைக்க மாட்டான் சார். அதுல அவன் தங்கமான புள்ளைங்க. மாமி தொழுவுறப்ப சத்தத்தக் கொறைச்சுக் குடுப்போம், அப்படியே நாள் பூரா பாத்துக்கிட்டு இருப்பான். கூட்டுன்னு கேட்டதே இல்ல.”

டாக்டர் தரையிலிருந்து எழுந்தார்.

நஸ்ரினை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, என்னிடம் அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். “ஆறுக்கு ஆறா?” என்றார். ஆமாம் என்றேன். “முன்னாடி யாரு இருந்தா?” நடந்ததைச் சொன்னேன். போனை அணைத்துக் கையில் கொடுத்ததையும் சொன்னேன், கொஞ்சம் பெருமை மிச்சமிருந்தது போல.

“ஒரு சின்ன உதவி கலாம்மா” என்று எழுந்து போய், குழந்தைகள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். தன் போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டார். “அன்னைக்கு நின்ன எடத்துலயே நில்லுங்க. கிலுகிலுப்பைய எடுத்துக்குங்க. ஆனா ஆட்ட வேணாம். சத்தமே வரக் கூடாது. சும்மா கைய மட்டும் தூக்குங்க.”

வலது கையைத் தூக்கினேன். வலது பக்கம் திரும்பினார். இடது கையைத் தூக்கினேன். இடது பக்கம் திரும்பினார். ஆறு தடவையும் அப்படித்தான். பிறகு போனை அதே சாய்வில் எனக்குக் காட்டினார். கறுப்புக் கண்ணாடிக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். கையில் கிலுகிலுப்பை, முகத்தில் ஜன்னல் வெளிச்சம். நிழலையும் பூவையும் வளையலையும் விட்டுவிட்டு வந்தவள், என்னையே முழுசாக அவன் கையில் கொடுத்திருக்கிறேன்.

“இந்தப் புள்ளைக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை” என்றார் டாக்டர். “காதுத் தெருவுல ஆளே வரல. பக்கத்து மனைக்காரன் வேலியத் தள்ள ஆரம்பிச்சிருக்கான்.”

நஸ்ரினையும் ஆசிப்பையும் உள்ளே கூப்பிட்டு, டாக்டரே முன்னால் உட்கார்ந்து பொம்மை காட்ட, நான் மறுபடி செய்தேன். கிலுகிலுப்பைக்குத் திரும்பவில்லை. ஸ்பூனுக்குத் திரும்பவில்லை. மேளத்தை ஓங்கி அடித்தபோது நஸ்ரின் திடுக்கிட்டாள், அவள் உடம்பு அசைந்ததில்தான் அவன் நிமிர்ந்து பார்த்தான். போன் அவன் காதைக் கெடுக்கவில்லை. அவனை அடம் பிடிக்காமல், யாரையும் தேடாமல் வைத்திருந்து, காது கேட்கவில்லை என்பதை எல்லாரிடமிருந்தும் மறைத்து வைத்துவிட்டது. என்னிடமிருந்தும்தான்.

“நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

நான் சொன்னேன். வராண்டா பெஞ்சில் நஸ்ரின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். “காது கேக்கலம்மா. அன்னைக்கு நான் பார்த்தது தப்பு. உன் மேல ஒரு தப்பும் இல்ல. மூணு மாசத்த நான் வீணாக்கிட்டேன்.” எத்தனையோ பேருக்கு எத்தனையோ ரிசல்ட் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் என் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பையனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “மூணு மாசமா அவரு புள்ள மூஞ்சியப் பாக்கலைங்க மேடம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. காக்கிச் சட்டையும் கோட்டும் நடமாடுகிற வராண்டாவில், அத்தனை பேருக்கு முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்து நின்ற டாக்டர் தன் போனை அவளிடம் நீட்டி, “அவருக்குப் போடும்மா” என்றார். என் பக்கம் திரும்பி, “போனுக்குள்ள பதில் சொல்ற ஆளு அவரு ஒருத்தர்தான் கலாம்மா. அவரையும் நிறுத்திட்டீங்களே” என்றார். அவர் என்னைக் கடிந்து சொன்னது அவ்வளவுதான். அந்த வராண்டாவில் சவுதியிலிருந்து ஒரு முகம் வந்தது. ஆசிப் திரையை இரண்டு கையாலும் பிடித்து முகத்தோடு ஒட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்தது ஓட்டம்தான். திருச்சியில் தூங்க வைத்துத் தலையில் வயர் ஒட்டிச் செய்யும் பரிசோதனைக்கு நானே கூடப் போனேன். இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு. முதலில் காதுக் கருவி, சில மாதம் கழித்து ஆபரேஷன். காதுக்குள் கருவி வைத்து, வெளியே வட்டமாக ஒன்று தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். வைத்தால் உடனே பேசிவிடும் என்று நினைப்பார்கள். இல்லை. சத்தம் என்று ஒன்று இருக்கிறது என்பதையே முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். வாரம் இரண்டு நாள் பஸ் பிடித்து நஸ்ரின் பயிற்சிக்கு வந்தாள். மூன்று மாதம் தனக்குத்தானே பேசிப் பழகியிருந்தாளே, அந்தப் பேச்சு இப்போது உதவியது. ஒன்றைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். நான் பார்த்த தாய்மார்களில் அவளைப் போல் காத்திருக்கத் தெரிந்தவர் கிடையாது. நான் ஓய்வு பெற்ற அன்று அவனுக்கு நாலு வார்த்தை வந்திருந்தது. நான் வீணாக்கிய மூன்று மாதம் போனதுதான், அதை யாரும் திருப்பித் தரப் போவதில்லை. அது இருந்திருந்தால் இன்னும் எத்தனை வார்த்தை என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலும் யோசித்துக்கொண்டுதான் போனேன்.

தீபா, உன் கேள்விக்கு வருகிறேன். கதவைத் திறக்கும்போதே தெரிகிறது என்றாயே, எனக்கும் தெரிந்தது. பத்துக் குழந்தைக்கு ஒன்பது போன் கேசாகவே இருக்கட்டும். போனை நிறுத்தச் சொல்லு, பேசச் சொல்லு, நல்லதுதான். ஆனால் காதைப் பார்க்காமல் ஒன்றையும் வெளியே அனுப்பாதே. அந்தப் பென்சில் கட்டம் இன்னும் படிவத்தில் இருந்தால் அதை நிரப்பு. என்னை மாதிரி கோடு இழுக்காதே. எனக்கு ஏதாவது பட்டப் பெயர் வைத்திருந்தாலும் பரவாயில்லை.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது, நேற்றுச் சாயங்காலம், நஸ்ரினே கூப்பிட்டாள். ஆசிப் பள்ளிக்கூடம் போகிறான். அவன் அத்தா இரண்டு தடவை லீவில் வந்து போய்விட்டார். குசலம் முடிந்ததும் பிராது ஆரம்பித்தது.

“நீங்களே அவன்கிட்ட சொல்லுங்க மேடம். அத்தாவோட பேசுறப்ப சவுண்ட ஃபுல்லா வைக்கிறான். கொறைச்சா சண்டைக்கு வர்றான். பக்கத்து வூட்டுல ஏசுறாங்க, மாமிக்குத் தொழுவ முடியல. போனக் கொறைக்கச் சொல்ற ஆளாச்சே நீங்க, ரெண்டு வார்த்த சொல்லுங்களேன்.”

நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளுக்குப் பின்னால் எங்கேயோ மாமியின் போனில் சவுதி லைன் சரியாக விழவில்லை போலிருக்கிறது. ஒரு சின்னக் குரல், தெருவுக்கே கேட்கிற மாதிரி, திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தது.

“அத்தா, கேக்குதா? அத்தா! கேக்குதா?”

முப்பது வருஷ வேலையில் நான் எல்லாரிடமும் கேட்ட கேள்வி. “கேக்குதுடா தங்கம்” என்றேன் இங்கிருந்து. அவன் கேட்டது என்னை இல்லை.